நாற்பது கொண்டை ஊசியும் ஒரு விசிறியும்

ஆழியாறு அணையைத் தாண்டி, வனத்துறை செக்போஸ்டில் வண்டி எண்ணைப் பதிந்துவிட்டால், அதற்கப்புறம் வால்பாறைச் சாலைக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. வளைவுக் கணக்குதான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. மொத்தம் 40. பஸ் டிரைவர்கள், எஸ்டேட் ஜீப்காரர்கள், காய்கறி லாரிக்காரர்கள் எல்லோரும் “இருபதுல யானை நிக்குது”, “முப்பத்தஞ்சுக்கு மேல பனி” என்று அந்த எண்களை வைத்தே பேசிக்கொள்கிறார்கள். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த எண், தலைசுற்றல் இன்னும் எத்தனை திருப்பத்துக்கு என்பதைச் சொல்லும். பழைய அம்பாசிடரில் போகிறவர்களுக்கு, ரேடியேட்டர் இன்னும் எவ்வளவு தூரம் தாங்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

நாங்கள் போனது அம்பாசிடரில். நண்பரின் அப்பா 1977-இல் வாங்கிய மார்க் 3. அவர் காலமான பிறகும் கோவை வீட்டு போர்டிகோவில் துணி போர்த்தி நின்றுகொண்டிருந்த வண்டி. நண்பரின் அம்மா வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். “அந்தப் பள்ளிக்கூடத்த இன்னொருக்கா பாக்கோணும். போனா உங்கப்பா வண்டியிலதான் போகோணும்” என்று சொல்லிவிட்டார். மகனிடம் புதுக் கார் இருக்கிறது. அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பின்சீட்டில் ஒரு தலையணை, காபி பிளாஸ்க், முறுக்கு டின்னோடு அவர் உட்கார்ந்துகொண்டார். டிக்கியில் இரண்டு கேன் தண்ணீர். அது குடிக்க அல்ல, வண்டிக்கு.

கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். சாலையை அகலப்படுத்துவதற்காக ஓரத்துப் புளியமரங்களை வெட்டியபிறகு இந்த வழியில் நிழலுக்கு வேலையில்லை. தார் காய்கிறது. “இந்த ரோட்டுல உச்சி வெயில்லயும் குளுகுளுன்னு வருவோமே” என்று அம்மா இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். ஆனாலும் டெம்பரேச்சர் மீட்டரின் ஊசி பாதியைத் தாண்டவில்லை. காரணம் எளிது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் முகத்தில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று அடிக்கிறது. ரேடியேட்டருக்கு அது போதும். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குப் பின்னாலிருக்கும் விசிறி சும்மாதான் சுற்றுகிறது. சுற்றுவதற்கு எஞ்சினின் சக்தியில் கொஞ்சத்தைத் தின்னவும் செய்கிறது.

அம்பாசிடரின் பூர்வீகம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. அதன் அச்சுகளை வாங்கி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1957-இல் அம்பாசிடராகத் தயாரிக்க ஆரம்பித்தது. 2014 மே மாதம் அந்தத் தொழிற்சாலை நின்றது. நண்பரின் வண்டியில் இருப்பது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தது. எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்கும் இந்தக் குடும்பத்து எஞ்சின்தான். சுமார் 50 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை, உள்ளே மூன்று பேரோடும் மூட்டை முடிச்சோடும், 3,500 அடி உயரத்துக்கு இது இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

எரிகிற பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்தத் தண்ணீரை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சுற்றவைப்பது வாட்டர் பம்ப். பம்பின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில் புல்லி, புல்லியின் மேல் நான்கு போல்ட்டில் விசிறி. கீழே கிராங்க் புல்லி, பக்கத்தில் டைனமோ. மூன்றையும் ஒரே பெல்ட் முக்கோணமாகச் சுற்றி ஓட்டுகிறது. அதைத்தான் எல்லோரும் ஃபேன் பெல்ட் என்கிறோம். தண்ணீர் ஓட்டம், காற்றோட்டம், பேட்டரிக்குச் சார்ஜ் மூன்றும் அந்த ஒரு பெல்ட்டை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே இந்த வண்டியில் விசிறிக்கு வரும் நோய் பெரும்பாலும் விசிறியின் நோயாக இருக்காது. அது உட்கார்ந்திருக்கும் தண்டு, தண்டைத் தாங்கும் பேரிங், அதை இழுக்கும் பெல்ட் என்று மூலம் வேறெங்காவது இருக்கும். இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்.

பொள்ளாச்சி தாண்டியதும் தென்னந்தோப்புகள். ஆழியாறு அணைக்கட்டின் எதிரே இளநீர்க் கடையில் நிறுத்தினோம். அம்மா பழைய கதை சொன்னார். “அந்தக் காலத்துல பஸ்ஸே இங்க தண்ணி ஊத்தாம மேல ஏறாது. பாதி மலையில வேற ஒருக்கா நிறுத்துவாங்க. கண்டக்டர் வாளியத் தூக்கிட்டு ஓடைக்குப் போவாரு. நாங்க எல்லாரும் இறங்கி ரோட்டோரமா நிப்போம். வாந்தி எடுக்கறவங்க எடுப்பாங்க, டீ குடிக்கறவங்க குடிப்பாங்க.” மலைப்பாதையில் தண்ணீர் ஊற்றுவது அன்று பயணத்தின் ஒரு பகுதி. இன்றைய வண்டிகளில் அந்தச் சடங்கே இல்லை.

குரங்கு அருவியைக் கடந்து ஏற்றம் பிடித்ததும் நண்பர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியரை இரண்டாவதுக்குத் தள்ளினார். வேகம் 20, 25. இப்போது எஞ்சின் கத்துகிறது. முழு பாரத்தையும் இழுக்கிறது. வெப்பம் அதிகம். ஆனால் முகத்தில் அடிக்கும் காற்று சமவெளியில் இருந்ததில் பாதிகூட இல்லை. காற்று கொடுக்காததை இனி விசிறிதான் இழுத்துக் கொடுக்க வேண்டும். மலைச்சாலையில்தான் விசிறிக்குப் பரீட்சை. எஞ்சினோடு இணைந்த விசிறிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கீழ் கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அதுவும் வேகமாகச் சுற்றும். ஏற்றத்துக்கு அது தோதான ஏற்பாடு. அதே விசிறி ஊருக்குள் சிக்னலில் நிற்கும்போது மெதுவாகத்தான் சுற்றும், அங்கே அது சோம்பேறி.

ஐந்தாவது வளைவுக்குப் பிறகு ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒரு நறநறப்பு. ஆக்சிலரேட்டரை விட்டால் குறைகிறது, மிதித்தால் கூடுகிறது. எட்டாவது வளைவில் ஊசி ‘ஹெச்’ பக்கம் சாய்ந்தது. ஒன்பதாவது வளைவில் இருக்கிறது லோம்ஸ் வியூ பாயின்ட். இந்த மலைக்குச் சாலை போட வழி கண்ட ஆங்கிலேயரின் பெயர். கீழே ஆழியாறு அணை முழுதும் தெரியும். அங்கே ஒதுக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். பானெட் இடுக்கில் ஆவி வந்தது.

பாறை மேல் வரையாடுகள் நின்றிருந்தன. இந்த வளைவில் அவற்றை அடிக்கடி பார்க்கலாம். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. செங்குத்துப் பாறையில் கால் பதிக்கிற அந்த லாகவத்தைப் படம் எடுக்க நாலைந்து கார்கள் நின்றன. எங்கள் பானெட் திறந்ததும் கூட்டத்தில் பாதி இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. திறந்த பானெட்டைக் கண்டால் நம் ஊர் ஆண்களுக்கு வரையாடு இரண்டாம்பட்சம்தான். “மூடியத் தொறங்க சார், தண்ணி ஊத்துங்க” என்றார் ஒருவர். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் வெந்நீர் முகத்தில் பீய்ச்சும். ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும். நண்பர் தலையை ஆட்டிவிட்டுக் காத்திருந்தார்.

வெளிச்சத்தில் குனிந்து பார்த்தபோது பம்பின் அடியில் ஒரு சிறு துளையிலிருந்து துரு நிறத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துளை வேண்டுமென்றே வைத்தது. உள்ளே தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்துபோனால், கசிவு பேரிங்குக்குள் நுழையாமல் அந்த வழியாக வெளியே வந்து ஆளைக் கூப்பிடும். அடுத்து விசிறியின் மேல் இதழையும் கீழ் இதழையும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தோம். அசையவே கூடாது. இது விரற்கடை அளவு ஆடியது. ரேடியேட்டரின் பின்பக்கத்தில் பிறை வடிவத்தில் ஒரு கீறல், கறுப்புப் பூச்சு போய்ச் செம்பு மின்னிக்கொண்டிருந்தது. இதழின் முனை உரச ஆரம்பித்திருந்தது. பேரிங் முழுதாக விட்டுப்போனால் விசிறி அப்படியே முன்னால் வந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும். பிறகு விசிறியும் வேண்டும், ரேடியேட்டரும் வேண்டும்.

மேலே இன்னும் 31 வளைவு. கீழே 9. ஓர் எஸ்டேட் ஜீப் டிரைவர் நிறுத்தி எட்டிப் பார்த்தார். பேரிங்கை அசைத்தார். “மேல ஏத்தாதீங்கண்ணா. ஃபேனக் கழட்டி டிக்கியில போட்டுட்டு அப்படியே இறக்கிடுங்க. இறக்கத்துல எஞ்சினுக்குச் சூடு ஏது?” என்றார். மலைக்காரனின் யோசனை. இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால் எஞ்சின் பெட்ரோலை அதிகம் எரிப்பதில்லை, வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வேலையைத்தான் செய்கிறது. தண்ணீரைச் சுற்றவைக்க பம்ப் மட்டும் போதும். விசிறியின் எடை போய்விட்டால் ஆடுகிற பேரிங்குக்கும் பாரம் குறையும், ரேடியேட்டரும் தப்பிக்கும்.

அம்பாசிடரின் போல்ட்டுகள் இன்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் தலை மழுங்கிவிடும். நண்பரின் அப்பா வைத்துவிட்டுப் போன டூல் பையில் இன்ச் ஸ்பேனர்கள் முழு செட்டாக இருந்தன. நான்கு போல்ட் கழன்றது. விசிறி கையோடு வந்தது. ஆனால் அதே போல்ட்டுகள்தான் புல்லியையும் பிடிக்கின்றன. விசிறித் தகட்டின் கனம் போனதால் போல்ட் நீளம் அதிகமாகிவிட்டது. ஜீப்காரர் தம் டப்பாவைக் கொட்டி நான்கு வாஷர் தேடிக் கொடுத்தார். வாஷர் போட்டு முடுக்கினோம். ரேடியேட்டர் ஆறியபின் ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகித் திறந்து, எஞ்சினை ஓடவிட்டபடி கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். வாஷருக்குக் காசு கொடுத்ததற்கு ஜீப்காரர் சிரித்தார். அம்மா டின்னைத் திறந்து முறுக்கு கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டார்.

விசிறி இல்லாமல் ஒன்பது வளைவு இறங்கினோம். ஊசி அசையவில்லை. ஆழியாறில் மறுபடி தண்ணீர் ஊற்றிவிட்டுப் பொள்ளாச்சிச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனோம். அப்போதும் ஊசி பாதியில்தான் நின்றது. பொள்ளாச்சிக்குள் நுழைந்து டிராஃபிக்கில் நின்றதும் மளமளவென்று ஏற ஆரம்பித்தது. விசிறி எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை கிடைக்காது.

வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. பொள்ளாச்சியில் இன்னும் அம்பாசிடர் பார்க்கும் ஒர்க்‌ஷாப் என்று இளநீர்க் கடைக்காரர் கைகாட்டிய இடம். மெக்கானிக்குக் காதோரம் நரைத்திருந்தது. முதலில் விசிறியைப் பார்க்கவில்லை, பெல்ட்டைத் தொட்டார். கட்டை விரலால் அழுத்தினார். “ஆருங்க இப்படி முறுக்குனது? வீணைக் கம்பியா இது? நடுவுல அமுக்குனா அரை இன்ச்சு உள்ள போகோணும். இவ்வளவு இழுத்துக் கட்டுனா பேரிங் எப்படீங்க நிக்கும்?” சில மாதங்களுக்கு முன் கோவையில் ஓர் இடத்தில் புதுப் பம்ப் போட்டிருந்தார்கள். பெல்ட் கத்துகிறது என்று சொன்னதற்கு இன்னும் இழுத்து முடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். பெல்ட் தளர்ந்தால் வழுக்கும், கத்தும், பம்ப் மெதுவாகச் சுற்றும். அளவுக்கு மேல் இறுகினால் அந்த இழுவை முழுதும் பம்ப் பேரிங்கிலும் டைனமோ பேரிங்கிலும் போய் உட்காரும். பழைய பெல்ட்டின் பக்கவாட்டு பளபளவென்று மெருகேறியிருந்தால் இழுத்துக் கட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மை. “ரேடியேட்டருக்கு போர் தண்ணியா, சிறுவாணியா?” கோவையில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர் வரும். சிறுவாணி குடிக்க, போர்வெல் புழங்க. வண்டிக்கு ஊற்றியது போர் தண்ணீர். அதன் உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். அடைத்த ரேடியேட்டருக்கு எந்த விசிறியும் உதவாது. அவர் கீழ்க் குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்தார். அடியில் செம்மண் நிறத்தில் வண்டல் தங்கியது. ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக வைத்து எதிர்த் திசையில் தண்ணீர் விட்டு அலச, அது தெளிய வெகுநேரம் ஆனது.

பிறகு விசிறிக்கு வந்தார். எனக்கு மறக்காத காட்சி இது. விசிறியைத் துடைத்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டு, இதழ்கள் நடுத்தகட்டோடு சேரும் இடத்தில் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினார். ஒரு டீ குடிக்கிற நேரம் வெயிலில் வைத்தார். திரும்பி வந்து பார்த்தால் மூன்று இதழ்களின் அடியில் வெள்ளை அப்படியே இருந்தது. நான்காவதில், ரிவெட்டின் விளிம்பிலிருந்து ஒரு கறுப்புக் கோடு மயிரிழை கனத்தில் ஓடியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் சாக்பீஸ் தூளில் கசிந்து தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. ஆடுகிற பேரிங்கில் சுற்றியதன் விளைவு. அந்த இதழ் என்றைக்காவது பிய்ந்து பறந்தால் பானெட்டையே துளைக்கும்.

“வெல்டு வெச்சுடலாமா?” என்று நண்பர் கேட்டார். மெக்கானிக் ஒப்பவில்லை. வெல்டு வைத்த இடம் ஒரு பக்கம் கனத்துவிடும், விசிறி நிதானம் தவறிச் சுற்றும், புதுப் பேரிங்கும் போய்விடும், வெல்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விடும் என்றார். உக்கடத்துக்கு போன் போட்டார். கோவையில் பழைய வண்டிச் சாமான்களுக்கு உக்கடம்தான். “பாய், அம்பாசிடர் இரும்பு ஃபேன் ஒண்ணு, பம்ப் சீல் செட்டு ஒண்ணு. நல்லதாப் பாத்து பஸ்ஸுல போட்டுவிடுங்க.” பொள்ளாச்சி பஸ்கள் உக்கடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. கண்டக்டரிடம் சாமானைக் கொடுத்து பஸ் எண்ணைச் சொல்லிவிட்டால், இங்கே ஸ்டாண்டில் பையன் வாங்கிக்கொள்வான். உற்பத்தி நின்ற வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்கிற வழி இதுதான். ஷோரூம் கதவு மூடினாலும் உக்கடத்துக் கதவு மூடவில்லை.

சாமான் வரும்வரை கொட்டகையில் வேறொரு வேலை நடந்தது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் பிரீமியர் பத்மினி கார். மாப்பிள்ளை ஊர்வலம் நடை வேகத்தில்தான் போகும், மணிக்கணக்கில் போகும். எஞ்சின் மெதுவாகச் சுற்ற, விசிறியும் மெதுவாகச் சுற்ற, தண்ணீர் கொதிக்கும். ஆகவே அதன் உரிமையாளர் மாருதியிலிருந்து எடுத்த மின்விசிறி பொருத்தச் சொல்லியிருந்தார். மாருதி 800 நம் சாலைக்கு 1983-இல் வந்தபோது அதன் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்தது. புல்லி பக்கவாட்டைப் பார்த்திருக்க, அதன் மேல் விசிறியை வைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று போகாது. அதனால் தனி மோட்டாரில் ஓடும் விசிறி. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டைத் தொட்டால்தான் அது சுற்றும், எஞ்சின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தேவையில்லாதபோது சக்தியைத் தின்பதும் இல்லை. விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அது குடிக்கும் சக்தி எட்டு மடங்காகும் என்பதால் இது சின்ன லாபம் அல்ல.

பத்மினியில் ஒயரைக் கொடுத்ததும் விசிறி ஜோராகச் சுற்றியது. மெக்கானிக் அதை நம்பவில்லை. டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தினசரித் தாளைக் கிழித்து, கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். தாள் விலகிப் பறந்தது. “காத்து வெளிய தள்ளுது பாருங்க” என்று இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தார். இப்போது தாள் கிரில்லோடு ஒட்டிக்கொண்டது. இந்த வகை மோட்டாரில் ஒயர் மாறினால் சுற்றும் திசையே மாறும். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றும் பின்னாலிருந்து தள்ளும் காற்றும் ரேடியேட்டரில் முட்டிக்கொண்டு நிற்கும். பாசிட்டிவ் முனையை பாடியில் எர்த் கொடுத்த பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் இந்தக் குழப்பம் அதிகம் நேரும். ஒரு துண்டுத் தாள் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

“நம்ம வண்டிக்கும் இதையே போட்டுட்டா என்னங்ணா?” என்று நண்பர் கேட்டார். மெக்கானிக் டைனமோவைக் காட்டினார். “கல்யாண வண்டிக்கு ஆல்டர்னேட்டர் மாத்தியாச்சுங்க. உங்களுது இன்னும் டைனமோ. மேல பனியில ஹெட்லைட்டு, மழையில வைப்பரு, கூட இந்த ஃபேனும் ஓடுனா பேட்டரிதான் கஞ்சி ஊத்தோணும்.” கணக்கும் அவர் பக்கம்தான். அந்தக் காலத்து டைனமோ நல்ல வேகத்தில் 22 ஆம்பியர் கொடுத்தால் அதிகம். சிறிய மின்விசிறியே 8, 10 ஆம்பியர் கேட்கும். ஹெட்லைட் அதே அளவு கேட்கும். வைப்பர், இக்னிஷன் எல்லாம் அதற்கு மேல். மெதுவாக ஓடும்போது டைனமோ அந்த 22-ஐயும் கொடுக்காது. மின்விசிறி வைப்பதென்றால் ஆல்டர்னேட்டர், தனி ஃபியூஸ், ரிலே எல்லாம் சேர்த்து வைக்க வேண்டும். வெறும் ஸ்விட்சில் ஒயரை இழுத்துக் கொடுத்தால் டேஷ்போர்டு கருகும்.

அதுவரை பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: “தம்பி, எத மாட்டுனா மழையில நிக்காம எஸ்டேட் போய்ச் சேரலாம்?” மெக்கானிக் யோசிக்கவேயில்லை. “பழசுதாங்கம்மா.” விவாதம் முடிந்தது.

பஸ்ஸில் வந்த விசிறிக்கும் அதே மண்ணெண்ணெய், சாக்பீஸ் சோதனை. தேறியது. பம்பைக் கழற்ற டைனமோவையும் எடுத்தாக வேண்டும். அதன் முன் போல்ட் பம்பின் உடம்பிலேயே மாட்டியிருக்கிறது. லேத் பட்டறையில் பழைய தண்டையும் பேரிங்கையும் பிரஸ்ஸில் தள்ளி எடுத்துப் புதியதை ஏற்றினார்கள். கேஸ்கெட்டைக் கடையில் வாங்கவில்லை. பம்பின் வாயில் கேஸ்கெட் பேப்பரை வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுக மெல்லத் தட்டினார். இரும்பின் விளிம்பே கத்தியாகி, பேப்பர் அச்சு அசலாக வெட்டுப்பட்டு வந்தது. போல்ட் துளைகளும் அப்படியே. மாட்டுவதற்கு முன் விசிறியை ஒரு கம்பியில் தொங்கவிட்டுச் சுற்றிவிட்டார். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இதழ் கீழே வந்து நின்றது. ஒரே இதழ் திரும்பத் திரும்பக் கீழே வந்தால் அது கனம் என்று அர்த்தம். பழைய ரேடியேட்டர் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, ரப்பரில் நகத்தை வைத்து அழுத்தினார். நகத்தடம் மறையவில்லை. “இதயும் மாத்திருங்க, ஐம்பது நூறு பாக்காதீங்க.”

அந்த மூடியின் மதிப்பு மலை ஏறும்போதுதான் தெரியும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், வால்பாறை உயரத்தில் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியில் 7 என்று எழுதியிருந்தது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் பிடித்தால் கொதிநிலை பத்து டிகிரிக்கு மேல் தள்ளிப்போகும். ரப்பர் செத்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. விசிறி சரியாக இருந்தும் மலையில் பொங்குகிற வண்டிகளில் பாதிக்கு மூடிதான் காரணம் என்று மெக்கானிக் சொன்னார்.

மறுநாள் காலை மறுபடி செக்போஸ்ட். வளைவுக்கு வளைவு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த நண்பர், ஒன்பதாவதைத் தாண்டியபிறகுதான் பேச ஆரம்பித்தார். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்கி வந்த அரசு பஸ் ஒன்று வளைவுக்கு மேலேயே நின்று கைகாட்டி வழிவிட்டது. டிரைவர் வண்டியை ஒரு பார்வை பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

அட்டகட்டியில் டீ. இந்தப் பக்கம்தான் காடம்பாறை. மலைக்குள் குடைந்த மின்நிலையம், 400 மெகாவாட். மின்சாரத் தேவை குறைந்த நேரத்தில் கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். “மலையே வாட்டர் பம்ப் வெச்சிருக்குது, நம்ம வண்டிக்கு என்ன” என்று நண்பர் சிரித்தார். பம்ப் ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு வரும் சிரிப்பு அது.

கவர்க்கல் நெருங்கும்போது பனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஹெட்லைட், வைப்பர் இரண்டும் ஓடின. டைனமோ சார்ஜ் தரவில்லை என்று எச்சரிக்கும் விளக்கு எரியவில்லை. மின்விசிறி வேண்டாம் என்று சொன்ன மெக்கானிக்கை அந்த இடத்தில் மூன்று பேரும் மனதில் கும்பிட்டோம். ஊசி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இந்தக் குளிரில், தண்ணீர் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால், எஞ்சின் சூடாகாமலேயே ஓடும், பெட்ரோலைக் குடிக்கும், ஆயிலும் கெடும். வண்டி கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது நம் ஊர் வழக்கம். பொள்ளாச்சியில் அதைச் சோதித்துத் திரும்ப மாட்டியிருந்தார்கள்.

புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றுப் பாலத்தில் சிங்கவால் குரங்குகள் கடந்துகொண்டிருந்தன. வண்டிச் சக்கரத்தில் அடிபடாமலிருக்க அவற்றுக்காகக் கட்டியது. எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி, கூட்டம் முழுதும் போகும்வரை காத்திருந்தோம். நின்ற வண்டியில், இரும்பு விசிறி மெதுவாகச் சுற்றியும் ஊசி ஏறவில்லை. மலைக்குளிர் மீதியைப் பார்த்துக்கொண்டது. அங்கிருந்து வால்பாறை பஜார், பிறகு தேயிலைக்கு நடுவே எஸ்டேட் சாலை. பள்ளிக்கூடத்தின் ஓட்டுக்கூரை மாறித் தகரமாகியிருந்தது. அம்மா வாசலில் நின்று, தன்னிடம் படித்தவர்களில் யார் யார் இன்னும் தொழிலாளர் லயத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம்வரை அவரைச் சுற்றி ஆள் கூடிக்கொண்டே இருந்தது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் என்னைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். மின்விசிறி கெட்ட பொருள் அல்ல. நகர நெரிசலில் ஓட்டுகிறவர்கள் ஆல்டர்னேட்டரோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், கழற்றிய இரும்பு விசிறியை எடைக்குப் போடாமல் பத்திரப்படுத்தலாம். ஆனால் பம்ப், பெல்ட், ரேடியேட்டர், மூடி நான்கையும் பார்க்காமல் விசிறியை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு. மலை ஏறுவதற்கு முன் எஞ்சினை அணைத்துவிட்டு விசிறியை ஒருமுறை பிடித்து ஆட்டிப் பாருங்கள், பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், பம்பின் அடியில் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பொள்ளாச்சியிலேயே செய்துவிடுங்கள். ஆழியாறு செக்போஸ்டுக்கும் அட்டகட்டிக்கும் நடுவில் வண்டி நின்றால், டிக்கியில் இருக்கும் ஸ்பேனர்தான் ஒர்க்‌ஷாப்.